அடியில் வைத்த மிச்சம்

எங்கள் வீட்டு பேட்டரி பாதிக்குக் கீழே இறங்காது. ஐம்பது சதவீதத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். வீட்டில் சோலார் வைத்திருக்கும் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். போன வருஷம் வரை நானே சிரித்திருப்பேன். ஆம்பூரில் ஆள் மாட்டினால் போதும், நிற்க வைத்து வகுப்பெடுத்துவிடுவேன்: "இது லித்தியம்ங்க, பழைய ஆசிட் பேட்டரி இல்ல. இருபது வரைக்கும் தாராளமா இறக்கலாம். பாதியிலயே நிறுத்துனா பாதி பேட்டரிதான் வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

நான் வேலை பார்ப்பது ஒரு ஷூ கம்பெனியின் பராமரிப்புப் பிரிவில். எலக்ட்ரிகல் படித்துவிட்டு அங்கே சேர்ந்தபோது, கம்பெனியின் தகரக் கூரை முழுக்க சோலார் பலகை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை ஒயர் பிடிக்கத்தான் கூப்பிட்டார்கள். நான் கேள்வி கேட்டுக் கேட்டு, போட வந்தவர்களுக்கே தலைவலி வந்து, கடைசியில் "இந்தாம்மா, நீயே வெச்சுப் படி" என்று இன்வர்ட்டரோடு வந்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வருஷமே எங்கள் வீட்டு மாடியிலும் பலகை ஏறிவிட்டது. பேட்டரியும் வந்தது. வந்த அன்று லீவு போட்டுவிட்டு, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லை வைப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் குழாயைத் தரையோடு தரையாக வைக்க மாட்டார்கள். கொஞ்சம் மேலே தூக்கி வைப்பார்கள். என்னதான் திறந்துவிட்டாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பேட்டரியில் அந்தக் குழாயை எந்த உயரத்தில் வைக்கலாம் என்பதை நாமே சொல்லலாம், போனிலிருந்தே. கரண்ட் இருக்கிற நேரத்துக்கு ஒரு உயரம், கரண்ட் போன நேரத்துக்கு ஒரு உயரம். அதைத் தொட்டதும் பேட்டரி கொடுப்பதை நிறுத்திவிடும். அடிமட்டம் வரை உறிஞ்சிவிட்டால் பேட்டரி செத்துப்போகும். பிறகு என்ன கொடுத்தாலும் ஏறாது.

இதை நான் வீட்டில் விளக்கியபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் சுற்றும் பக்கம் வேலை செய்து, முட்டி போய், வீட்டில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே வழக்காடுவது அவருக்குப் பொழுதுபோக்கு.

"முழுசும் நம்மளுதுதானே? அதுல எதுக்கு ஒரு பங்கைப் பூட்டி வெக்கிற?"

"பூட்டலப்பா. அது ரிசர்வு."

"ரிசர்வுன்னா எப்ப எடுப்ப?"

"எடுக்க மாட்டோம்."

"எடுக்காத சோறு எதுக்குப் பானைல இருக்கணும்?"

சமையல் ரூமிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "இருக்கட்டும் விடு. அடி வழிக்கக் கூடாது."

"பேட்டரி இன்னா, சோத்துப் பானையா?"

"எதுவா இருந்தா இன்னா? காலியா கவுத்தா அப்புறம் எதுலேர்ந்து பெருகும்?"

நான் துள்ளிக் குதித்தேன். "அம்மா, கரெக்டு! அதேதான்!" புத்தகத்தில் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்ததை அவள் தாளிப்புக்கு நடுவில் சொல்லிவிட்டாள். அப்பா, "தாயும் பொண்ணும் சேந்துட்டீங்க, இனி என் பேச்சு எங்க எடுபடும்" என்று தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் எந்த டப்பாவும் காலியாக இருந்ததில்லை. அரிசி டின்னில் கடைசிப் படி அரிசியை அம்மா அள்ள விடமாட்டாள். புதிதாக வாங்கியதை அதன் மேலேயே கொட்டுவாள். உப்பு ஜாடி, புளிப் பானை, தேங்காய் எண்ணெய் பாட்டில், எல்லாவற்றுக்கும் அதே சட்டம். நான் சின்ன வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறேன், "அப்போ அந்த அடியில இருக்கிற அரிசி எத்தினி வருஷத்து அரிசிம்மா?" என்று. யோசித்துவிட்டு, "உங்க அப்பனைக் கட்டினதுலேர்ந்து" என்றாள்.

இந்தச் சட்டம் கறாராக நடந்தது மிளகாய் விழுதில்தான். எங்கள் ஊர் பிரியாணிக்கு மிளகாய்த்தூள் கிடையாது. காய்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளி, விதை உதறி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுதுதான். அம்மா அதைக் கிரைண்டரில்தான் அரைப்பாள், மிக்ஸியில் போட்டால் சூடாகிவிடுமாம். அரைத்ததைப் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டு ஃப்ரீசரில் வைப்பாள். தீரும்போது அடியில் ஒரு கரண்டி விட்டுவிடுவாள். அடுத்த முறை அரைக்கிற விழுதில் அந்தக் கரண்டியைக் கலந்துவிடுவாள். நாங்கள் தின்ற ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பிரியாணியிலும் அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் ஒரு கரண்டி இருந்தது.

பேட்டரி வந்த பிறகு அவள் முதல்முறை விழுது அரைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிரைண்டர் ஓடியதும் நான் போனை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்பதை ஒரு கோடாகக் காட்டும் திரை அது. தரையோடு ஊர்ந்துகொண்டிருந்த கோடு, கிரைண்டர் போட்டதும் செங்குத்தாக ஏறியது.

"இதோ பாரும்மா. இந்தக் கோடு நீதான்."

அவள் சிவந்த கையை முகத்தில் படாமல் தூரமாக வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "நானா? அவ்ளோ ஒசரமாவா இருக்கேன்?"

"பின்ன? வீட்டுலயே நீதான் ஜாஸ்தி."

"உங்கப்பா எங்க?"

"அதோ, கீழ படுத்திருக்கிற கோடு."

அப்பா தினசரிக்குப் பின்னாலிருந்து, "ஃபேன் ஒண்ணுதான் போட்டிருக்கேன், பேஜார் பண்ணாதீங்க" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விழுது என் சட்டையில் தெறித்தது. அந்தக் கறை போகவில்லை. நான் அதைப் போக்கவும் முயலவில்லை.

அன்றைக்கு அரைத்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துச் சமைத்தாள். மிச்சத்தைக் கையால் தடவிச் சமப்படுத்தி மறுபடி ஃப்ரீசரில் வைத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். கரண்டியால் தடவ மாட்டாள். நான்கு விரலையும் சேர்த்து ஒரு இழுப்பு.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் வேலைக்குப் போனாள். இன்னொரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் அவளுக்கு வேலை. மதியச் சாப்பாடு முடிந்து மெஷினில் உட்கார்ந்தவள் தலையைச் சாய்த்திருக்கிறாள். கண் அசருகிறாள் போல என்று பக்கத்து மெஷின்காரி, "அக்கா, சூப்பர்வைசர் வர்றாரு, எழுந்திரு" என்று உலுக்கியிருக்கிறாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவள் விரல் நுனியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, நானும் வேலைக்குத் திரும்பினேன். கம்பெனியில் இருந்துகொண்டு பழக்கத்தில் போனைத் திறந்து வீட்டுக் கோட்டைப் பார்த்தேன். வழக்கமாகக் காலையில் அது ஒரு மலைத்தொடர் மாதிரி இருக்கும். தண்ணீர் மோட்டார், மிக்ஸி, அப்பா சட்டைக்கு இஸ்திரி. எதுவும் இல்லை. தரையோடு தரையாக ஒரு கோடு, அதில் ஃப்ரிட்ஜ் ஓடி ஓடி நிற்பதன் சின்னச் சின்னப் பற்கள். அவ்வளவுதான். சர்ச்சில் அழாதவள், பராமரிப்புப் பிரிவின் ஸ்டோர் ரூமில் கேபிள் சுருள்கள் நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கப்புறமும் அந்தக் கோட்டைப் பார்ப்பதை விட முடியவில்லை. அப்பா தனியாக இருக்கிறாரே, லைட் போட்டாரா, டீவி பார்க்கிறாரா என்று அதில்தான் தெரிந்துகொள்வேன். போன் பண்ணினால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். கோடு பொய் சொல்லாது.

சில வாரங்களில் அதில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜின் பற்கள் சீராக இல்லை. மதியத்துக்கு மேல் கம்ப்ரசர் நீளமாக ஓடியது. ஒரு நாள் அல்ல, தினமும். கதவு ரப்பர் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் கேஸ் கம்மியாகியிருக்கும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. துக்கத்துக்கு நடுவில் எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் ரப்பரில் தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார், பின்னால் தடவிப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்லம்மா. யாரோ மேல் கதவை ஜாஸ்தி நேரம் திறந்து வெக்கிறீங்க."

"வீட்ல நானும் அப்பாவும்தான்."

மெக்கானிக் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. அப்பா ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றிருந்தார். ஃப்ரீசர் கதவு திறந்திருந்தது. குளிர்ப்புகை அவர் நெஞ்சில் பட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி அவர் இடது கையில்.

"அப்பா, இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல. பாத்துட்டு மூடிடறேன்."

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உறைந்த சிவப்பு விழுதின் மேல் நான்கு கோடுகள் இருந்தன. அம்மா கடைசியாக இழுத்த இழுப்பு. அதில் ஒரு கோடு மட்டும் ஆழம் கம்மி. அவள் சுட்டுவிரலில் ஒருமுறை தையல் ஊசி ஏறி இறங்கிவிட்டது. அதிலிருந்து அந்த விரல் நுனி சப்பையாகி, எதையும் அழுத்திப் பிடிக்காது. விழுதிலும் அது அப்படியே விழுந்திருந்தது.

அப்பா தன் நான்கு விரலையும் அந்தக் கோடுகளுக்கு மேலே, படாமல், காட்டினார். "தொட மாட்டேன் பாப்பா. என் கை சூடு."

ரப்பர், கேஸ், கம்ப்ரசர் எல்லாம் வாயில் இருந்தது, வெளியே வரவில்லை.

அவரே மூடினார். மூடிவிட்டுக் கேட்டார். "கரண்ட் போனா இது நிக்காதுல்ல?"

"நிக்காதுப்பா. அதுக்குத்தானே பேட்டரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவ்வளவு லேசாகச் சொன்னேன். ஃப்ரிட்ஜ் எவ்வளவு இழுக்கும், பேட்டரியில் எவ்வளவு இருக்கும், இரண்டும் எனக்கு மனப்பாடம். வகுத்துப் பார்த்து, தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று வந்ததால் சொன்னேன். விழுதுக் கோடுகளைப் போட்டோவும் எடுத்து வைத்தேன். அப்பாவிடம் காட்டியபோது, "நீயே வெச்சுக்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் புயல் வந்தது. எங்கள் பக்கம் புயல் என்றால் மழைதான். இந்த முறை காற்றும் சேர்ந்துகொண்டது. தெருக்கோடியில் புளியமரம் சாய்ந்து கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. டிரான்ஸ்ஃபார்மரும் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஊரே இருண்டது, எங்கள் வீட்டைத் தவிர.

முதல் நாள் அப்பா ராஜா மாதிரி இருந்தார். தெருவில் இருக்கிறவர்கள் எல்லாம் போனுக்கு சார்ஜ் போட எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு காலா தன் வீட்டுப் போன்களை எல்லாம் ஒரு கூடையில் போட்டுக் கொண்டுவந்தாள். உருது பேசும் வீடுகளில் சித்தியைக் கூப்பிடுகிற முறை அது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நாங்களும் அவளை அப்படியே கூப்பிடுவோம். அம்மாவுக்கு அவள் தோஸ்த். "அரே, உங்க வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்குது!" என்றாள். "எல்லாம் பாப்பா பண்ண வேலை" என்ற அப்பா, எல்லோருக்கும் தேநீர் போடச் சொன்னார்.

நான் கவலைப்படவில்லை. வானம் மூடியிருந்தாலும் பகலில் பலகையில் கொஞ்சமாவது வரும். அது ஃப்ரிட்ஜுக்குப் போதும். ஆனால் காலையில் இன்வர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மாடிக்கு ஓடினேன். காற்றில் ஒரு பலகையின் ஒயர் இணைப்பு விலகி உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. ஈரம் இருக்கிற வரைக்கும் இன்வர்ட்டர் சோலாரை ஏற்றுக்கொள்ளாது. அது பாதுகாப்புக்காக வைத்த குணம், தப்பே இல்லை. பாலித்தீன் பையைச் சுற்றினேன், துணியால் துடைத்தேன், வாயால் ஊதினேன். மழை மேலேயிருந்து பார்த்துக்கொண்டு பெய்தது.

கீழே வந்து எல்லாவற்றையும் அணைத்தேன். லைட், ஃபேன், டீவி, தொங்கிக்கொண்டிருந்த சார்ஜர்கள் எல்லாம். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடியது. அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் காலாவின் போன்களைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "போதும்" என்றாராம். முந்தின நாள் ராஜா. காலா கோபித்துக்கொள்ளவில்லை. வாசல்படியில் வந்து நின்று, "இன்னா பேட்டி, இன்னா ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள். பேட்டி என்றால் அவர்கள் பேச்சில் மகள். சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா போனை என்னிடமிருந்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். சதவீதம் அவருக்குப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு எண்ணும் இறங்கும்போது சொல்வார். ஃப்ரிட்ஜ் நிற்கிற நேரத்திலும் அது இறங்கியது.

"இப்ப எதுவும் ஓடலியே. யார் தின்றது?"

"இன்வர்ட்டர்ப்பா. அது உசிரோட இருக்கறதுக்கே கொஞ்சம் வேணும்."

"நல்ல காவல்காரன் வெச்ச போ."

ஐஸ் கிடைக்குமா என்று வண்டியை எடுத்துக்கொண்டு தேடினேன். ஐஸ் கம்பெனி வாசலில் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் அதே கரண்ட்தான் தங்கச்சி" என்றார். வாணியம்பாடியில் என் தோழி வீட்டில் கரண்ட் இருந்தது. டப்பாவைத் துணியில் சுற்றி, பையில் வைத்து, ஒரே ஓட்டமாகக் கொண்டுபோய்விடுகிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

"வழியில இளகிடும்."

"இளகாதுப்பா. நான் பாத்துக்கறேன்."

"வேணாம்." நான் எடுத்த பையை வாங்கி ஆணியில் மாட்டினார். "அவ வண்டியில போனது ஒரு வாட்டி போதும்."

எண் இருபதைத் தொட்டது. நான் வைத்த எல்லை. ஊருக்கெல்லாம் நான் உபதேசம் செய்த எண். அதைப் பதினைந்துக்கு இறக்கினேன். ஃப்ரிட்ஜ் ஓடியது. பதினைந்தைத் தொட்டதும் பத்து. அதற்குக் கீழே விரலால் எவ்வளவு தள்ளினாலும் திரையில் எண் நகரவில்லை. அதற்கு மேல் உரிமை என் கையில் இல்லை.

மழை தூறலாகிப்போன ஒரு விடியலில் ஃப்ரிட்ஜ் நின்றது. நின்ற பிறகுதான் அது அதுவரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

அப்பா திரையை என் பக்கம் நீட்டினார். "பத்து இருக்குதே பாப்பா. உள்ள இருக்குதே. எடுத்துக் குடு."

"எடுக்க முடியாதுப்பா."

"நீ படிச்சவதானே. ஏதாவது பண்ணு."

"அது நமக்கு இல்லப்பா. பேட்டரிக்கு. அதையும் எடுத்துட்டா அது செத்துடும். அப்புறம் கரண்ட் வந்தாலும் ஏறாது."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "உங்கம்மா செஞ்சு வெச்ச மாதிரியே இருக்குது உன் பேட்டரி" என்றார்.

"கதவைத் திறக்காம இருந்தா ஒரு நாள் தாங்கும்ப்பா. அதுக்குள்ள கரண்ட் வந்துடும். திறக்காத, சரியா?"

அன்றைக்கு முழுக்க அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு ஃப்ரிட்ஜ் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கை கதவின் மேலேயே இருந்தது. யாரோ உள்ளேயிருந்து தள்ளுவதை அவர் பிடித்து வைத்திருப்பது மாதிரி. தினமும் திறந்து திறந்து பார்த்தவர் அன்று திறக்கவில்லை. சாயங்காலம் ஃப்ரிட்ஜின் காலடியில் சின்னதாகத் தண்ணீர் கசிந்திருந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் துணி எடுத்துத் துடைத்தேன். கம்பம் நட ஆள் வந்திருக்கிறார்கள் என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை அவர்தான் திறந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு திறந்தார். புகை வரவில்லை. மூடியை எடுத்தார். நான்கு கோடும் ஒன்றோடொன்று சாய்ந்து மூடியிருந்தன. மேலே கொஞ்சம் சிவப்புத் தண்ணீர் நின்றது. எந்தப் பக்கம் சுட்டுவிரல், எந்தப் பக்கம் சுண்டுவிரல் என்று எதுவும் தெரியவில்லை. சுட்டுவிரல்தான் முதலில் போயிருக்கும். அதுதானே ஆழம் கம்மி.

அப்பா அப்போதுதான் முதல்முறையாக அதைத் தொட்டார். தன் தடித்த விரலை விழுதில் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

"கறி வாங்கிட்டு வா" என்றார்.

"அப்பா, கரண்ட் வந்துடும். திரும்ப உறைய வெச்சுக்கலாம்."

"எதை உறைய வெப்ப?"

போய் வாங்கி வந்தேன். அரிசியை காலா ஊறவைத்தாள். எங்கள் இருவருக்கும் அம்மாவின் பக்குவம் தெரியாது, காலாவுக்குத்தான் தெரியும். வெங்காயம் வதங்கியதும் அப்பா டப்பாவைக் கொண்டுவந்து தானே சட்டியில் தள்ளினார். எண்ணெயில் விழுந்ததும் எழுந்த நெடி மூன்று பேரையும் இரும வைத்தது. அந்த நெடி, கடந்துபோன ஞாயிறுகள் அத்தனையையும் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. காலா அடுப்பைவிட்டு விலகிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். "யா அல்லா, அவ கை வாசனை" என்றாள். அப்பா கிளறிக்கொண்டே இருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா வேகமாகச் சாப்பிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி. காலா ஒரு வாய் வைத்துவிட்டு யோசித்தாள்.

"காரம் கம்மியா இருக்குதே. அவ பண்ணா காது அடைக்குமே."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, கம்மிதான்" என்றார்.

தட்டுகளைக் கழுவப் போட்டுவிட்டு டப்பாவைத் தேடினேன். கழுவுகிற இடத்தில் இல்லை. ஃப்ரீசரைத் திறந்தேன். அணைந்துபோன ஃப்ரீசருக்குள் டப்பா அதன் இடத்தில் இருந்தது. மூலையில் ஒரு கரண்டி விழுது. அதன் மேல் எந்தக் கோடும் இல்லை. கரண்டியால்தான் ஒதுக்கியிருந்தார்.

மதியத்துக்கு மேல் கரண்ட் வந்தது. தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள். இன்வர்ட்டர் டிக்கென்று விழித்தது. பேட்டரி கொஞ்சம் யோசித்துவிட்டு ஏற ஆரம்பித்தது. சாகவில்லை. அந்தப் பத்து அதைக் காப்பாற்றியிருந்தது. ஃப்ரிட்ஜும் ஓடத் தொடங்கியது. வேறு நாளாக இருந்தால் இதை நான் நாலு பேருக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். போனைக் காட்டி, "அந்த எல்லையை இப்ப எங்க வெக்கப் போற?" என்றார்.

"பழையபடி இருபது."

"இன்னும் மேல வெய்யி."

முப்பதில் வைத்தேன்.

"இன்னும்."

நாற்பது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐம்பதில் விரலை எடுத்தேன். ஒரு கரண்டி விழுதுக்குப் பாதி பேட்டரி. அதை விளக்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் கையில் இன்னும் மிளகாய்ச் சிவப்பு போகாமல் இருந்தது.

"இதுக்குக் கீழ இறங்காதுல்ல?"

"இறங்காதுப்பா."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். சத்தியமா என்று அவர் கேட்கவில்லை.